பழைய இரும்புக்குப் போகாத கார்

மூன்று வருடத்துக்கு முந்தைய மாசி மாதம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையின் ஓரத்தில், என் கணவரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டு ஆட்டோவுக்காக நின்றிருந்தேன். செயற்கைக் கால் பொருத்த அளவெடுக்க அன்றைக்கு ஆஸ்பத்திரியில் வரச் சொல்லியிருந்தார்கள். வாரக்கணக்கில் காத்திருந்து கிடைத்த நாள்.

சர்க்கரை நோயில் அவருடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. அதற்கு முன் கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர். நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ரெடிமேட் கம்பெனியில் தையல் மெஷினில் உட்காருகிறேன். அன்றைக்கு லீவு சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

வருகிற ஆட்டோ ஒவ்வொன்றும் என் கையைப் பார்த்து வேகம் குறையும். பக்கத்தில் வந்து நாற்காலியைப் பார்த்ததும் மறுபடி வேகம் எடுக்கும். ஒருவர் மட்டும் நின்று, "சேரு ஏறாதுக்கா, எடம் பத்தாது" என்றார். மடக்கிக் காட்டுகிறேன் என்று நான் குனிவதற்குள் போய்விட்டார். இன்னொருவர் நிறுத்தாமலே, "ஆம்புலன்ஸைக் கூப்புடும்மா!" என்று கத்திக்கொண்டே போனார். வெயில் ஏறியது. கன்டெய்னர் லாரிகள் கிளப்பிய புழுதி அவர் வெள்ளைச் சட்டையில் படிந்துகொண்டே இருந்தது. அந்தச் சட்டையை அவரே முந்தின நாள் இஸ்திரி போட்டு வைத்திருந்தார்.

கடைசியில் அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "வூட்டுக்குத் தள்ளுமே. போதும்."

தள்ளிக்கொண்டு வந்தேன். எங்கள் சந்தின் முனையில் திரும்பும்போது நாற்காலியின் சக்கரம் ஒரு நீலத் தார்ப்பாயின் ஓரத்தில் மாட்டியது. தார்ப்பாய்க்குக் கீழே எங்கள் கார்.

அது ஒரு காலத்தில் கறுப்பு மஞ்சள் டாக்சிகளாக ஊரெல்லாம் ஓடிய வகைக் கார். ஸ்டீயரிங்கை ஒட்டியே கியர் இருக்கும். கல்யாணமான புதிதில் அவர் அதைப் பழசாக வாங்கி, பட்டி பார்த்து, வெண்ணெய் நிறத்தில் தானே பெயின்ட் அடித்தார். எண்ணூர் கடற்கரை ஓரமாக, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும், எனக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அந்தக் காரில்தான். லைசென்சும் எடுத்தேன். பிறகு அவருக்கு ஷிப்ட் மாறியது, உடம்பு கெட்டது, காலில் புண் வந்தது. கார் நின்ற இடத்திலேயே ஐந்தாறு வருடம் நின்றுவிட்டது. உப்புக் காற்றும் கரித்தூசும் சேர்ந்து எங்கள் பக்கம் இரும்பை எப்படித் தின்னும் என்று சொல்லத் தேவையில்லை.

வழக்கமாக நாற்காலியை வளைத்துத் தள்ளிக்கொண்டு போய்விடுவேன். அன்றைக்கு நின்றேன். தார்ப்பாயைப் பிடித்து இழுத்தேன். உள்ளேயிருந்து ஒரு பூனை பாய்ந்து ஓடியது.

"இத்த ஓட வெக்கப்போறேன்" என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. "அது செத்துப் பூட்சிமே. நானும் அந்தக் கணக்குதான். தள்ளு."

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஆட்டோக்காரர்கள் மேலே வந்த கோபமா, அவர் மேலே வந்ததா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் மெக்கானிக்கைத்தான் தேடினேன். ஒருவர் வந்து பானெட்டைத் திறந்தார். எஞ்சினைக் கையால் சுற்றிவிடுகிற ஹேண்டிலை முன்பக்கத்தில் செருகி ஒரு அழுத்து அழுத்தினார். அசையவில்லை. "எஞ்சின் ஜாம்க்கா. உள்ள பிஸ்டன் துரு புடிச்சி ஒட்டிகினுகீது. இத்தல்லாம் இப்ப யார் பாக்கறா? பழைய இரும்புக்குப் போட்டுட்டு வேலையைப் பாரு" என்று கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இன்னொருவர் வருகிறேன் வருகிறேன் என்று சொல்லி வரவே இல்லை.

சரி, நானே கழற்றுகிறேன் என்று முடிவு செய்தேன். பெரிய தைரியம் எல்லாம் இல்லை. எங்கள் கம்பெனியில் என் ஓவர்லாக் மெஷின் நின்றுபோனால் ஆள் வரும்வரை காத்திருக்க மாட்டேன். மூடியைக் கழற்றி, எங்கே நூல் சிக்கியிருக்கிறது, எங்கே எண்ணெய் வறண்டிருக்கிறது என்று நானே பார்த்துவிடுவேன். காரிலும் பல்சக்கரமும் திருகும் எண்ணெயும்தானே, கொஞ்சம் பெரியது, அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்படி இல்லை என்று பின்னால் தெரிந்தது. தெரிந்திருந்தால் ஆரம்பித்திருக்கவே மாட்டேன்.

போனில் வீடியோக்கள் பார்த்தேன். நான் கண்டுபிடித்ததில் நல்ல வீடியோ ஒன்று இந்தியில் இருந்தது. பேச்சு புரியவில்லை. அவர் கையை மட்டும் பார்த்துக்கொண்டேன். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, அந்த ஓட்டைகள் வழியாக டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி ஊறப்போட வேண்டும். ஊற்றினேன். தினமும் வேலைக்குக் கிளம்புவதற்கு முன் கொஞ்சம் ஊற்றுவேன். வேலை முடிந்து வந்ததும் ஹேண்டிலைப் போட்டு ஒரு தரம் ஏறி நிற்பேன். என் எடை முழுவதும் அதன் மேலே. அசையாது. இறங்கிப் போய்ச் சமைப்பேன்.

சந்தில் எல்லோருக்கும் நான் ஒரு வேடிக்கையானேன். "இன்னாக்கா, கார்ல குழம்பு வெக்கறியா?" என்று கேட்டார்கள். என் கணவர் ஜன்னல் கதவைச் சாத்திவிட்டார். நான் வெளியே இருக்கும் நேரம் முழுவதும் அது சாத்தியே இருக்கும்.

என் பக்கம் நின்றது எதிர்வீட்டு அக்கா மட்டும்தான். பாய் வீட்டு அக்கா. இட்லி மாவு அரைத்து விற்பவர். கிரைண்டர் கல்லை ஒரு கையால் தூக்கி வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து இடுப்பில் கையை வைத்துக்கொண்டு பார்த்தார்.

"இப்டி ஏறி நின்னா எப்டிமே வரும்? மாவு இறுகிப் பூட்சின்னா ஆட்டித்தான் எடுக்கணும். முன்ன பின்ன ஆட்டு."

அதைத்தான் அந்த வீடியோக்காரரும் இந்தியில் சொல்லியிருக்க வேண்டும். கையை முன்னும் பின்னும் ஆட்டிக் காட்டியது அப்போதுதான் புரிந்தது. டயர்களுக்குக் காற்றடித்து, சக்கரம் உருளும்போது எஞ்சினும் சேர்ந்து அசையட்டும் என்று டாப் கியரைப் போட்டேன். நானும் அக்காவும் காரின் முதுகைப் பிடித்து முன்னுக்குத் தள்ளி, பின்னுக்கு இழுத்து, மறுபடி தள்ளினோம். அக்கா தெரிந்தவர்களை எல்லாம் கூப்பிட்டார். தண்ணீர்க் குடத்தோடு போன இரண்டு பெண்கள் குடத்தை இறக்கிவிட்டு வந்தார்கள். "யா அல்லா, நகருடி கஸ்மாலம்!" என்று அக்கா காரைத் திட்டிக்கொண்டே தோளைக் கொடுத்தார்.

"கடக்" என்று ஒரு சத்தம்.

எதையோ உடைத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். நியூட்ரலுக்கு மாற்றி ஹேண்டிலைப் போட்டுப் பார்த்தேன். கனமாக, முனகிக்கொண்டே, சுற்றியது. இரண்டாவது சுற்றில் பிளக் ஓட்டைகளிலிருந்து கறுப்பு டீசல் பீய்ச்சி அடித்து என் முகம், தலை, நைட்டி எல்லாவற்றையும் நனைத்தது. நான் அங்கேயே நின்று சிரித்தேன். அக்கா முந்தானையால் என் முகத்தைத் துடைக்க வந்து, தன் புடவையும் போனதைப் பார்த்துத் தன் தலையில் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வேலை பிடித்துக்கொண்டது. பெட்ரோல் டேங்க்கைக் காலி செய்தபோது பெட்ரோல் வரவில்லை. பழைய வார்னிஷ் மாதிரி ஒரு பிசின் வந்தது. கார்புரேட்டரைக் கழற்றிச் சமையல் மேடையில் பரப்பினேன். ஊசிமுனை ஓட்டைகள் எல்லாம் அடைந்திருந்தன. தையல் மெஷினுக்கு வைத்திருக்கும் சின்ன பிரஷ்ஷால் துடைத்து, ஊதி ஊதித் திறந்தேன். எலி கடித்த வயர்களை மாற்றினேன்.

சாமான் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போனேன். ஒரு கடையில் நான் கேட்டதைக் காதில் வாங்கிக்கொள்ளாமலே அந்த ஆள், "வூட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா? அவுங்கள அனுப்பு, நான் சொல்லிக்கறேன்" என்றார்.

"கீறாரு. ஆனா கார்புரேட்டரைக் கழட்டுனது நானு. அதனால எங்கிட்டயே சொல்லு" என்றேன்.

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் உள்ளே போய் நான் கேட்ட கேஸ்கட்டை எடுத்துக்கொண்டு வந்தார். பையில் போடும்போது, "எந்த மாடலுக்குமா?" என்று கொஞ்சம் மரியாதையாகவே கேட்டார்.

புது பேட்டரி மாட்டி முதல் முறை சாவியைத் திருப்பிய நாள் பெரிய அவமானம். பிளக் வயர்களை வரிசையாக ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று மாட்டியிருந்தேன். பார்க்கிறவளுக்கு அதுதானே நியாயம்? சாவியைத் திருப்பியதும் கார்புரேட்டர் வழியாக "டமார்" என்று வெடித்தது. ஒரு அடி உயரத்துக்கு நெருப்பு. பக்கத்தில் ஈரச் சாக்கு வைத்திருந்ததால் போட்டு அமுக்கிவிட்டேன். புருவம் பாதி கருகிப் போனது. மாடியிலிருந்து ஒருவர், "தீபாவளிக்கு இன்னும் நாள் கீது!" என்று கத்தினார். சந்தே சிரித்தது.

எங்கள் வீட்டு ஜன்னல் ஒரு விரல் அளவுக்குத் திறந்து மூடியதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மறுபடி வீடியோவுக்குப் போனேன். அந்த மனிதர் விரலை நீட்டி எண்ணுகிறாரே, ஏன் குதித்துக் குதித்து எண்ணுகிறார் என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்று, மூன்று, நாலு, இரண்டு. அந்த வரிசையில்தான் எஞ்சினுக்குள் நெருப்பு பிடிக்க வேண்டுமாம். வயர்களை மாற்றிப் போட்டேன். அக்கா கையில் ஈரச் சாக்கைக் கொடுத்துத் தள்ளி நிற்கச் சொன்னேன். சாவியைத் திருப்பினேன். இருமியது. மறுபடி திருப்பினேன். இருமி, தும்மி, உடம்பை ஒரு குலுக்குக் குலுக்கி, ஓட ஆரம்பித்தது.

புகை என்றால் அப்படி ஒரு புகை. ஊற்றின டீசல் எல்லாம் எரிந்து சந்து முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. எல்லோரும் இருமினார்கள். திட்டினார்கள். அக்கா கொசு மருந்து வண்டி வந்த மாதிரி முக்காட்டால் மூக்கை மூடிக்கொண்டு, "ஓடுது! ஓடுதுமே!" என்று கத்தினார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு அதன் நடுக்கம் கை வழியாக ஏறுவதை உணர்ந்தபடி உட்கார்ந்திருந்தேன்.

அந்தச் சந்தோஷத்தில்தான் உயிர் போகப் பார்த்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு சந்து முனை வரை ஓட்டிப் பார்க்கலாம் என்று எடுத்தேன். எஞ்சின், எஞ்சின் என்று அதையே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு பிரேக் ஞாபகமே வரவில்லை. நின்ற இடத்தில் மிதித்துப் பார்த்தபோது ஏதோ கொஞ்சம் தடுத்தது. போதும் என்று நினைத்துவிட்டேன். சந்து முடிந்து சாலை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு கன்டெய்னர் லாரி குறுக்கே வந்துகொண்டிருந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் தரை வரைக்கும் போய்விட்டது. மறுபடி மிதித்தேன். காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். துருப்பிடித்த கேபிள் அறுந்து லிவர் கையோடு வந்தது.

லாரியின் சக்கரம் காரின் முன்கண்ணாடி அளவுக்கு உயரமாகத் தெரிந்தது. ஸ்டீயரிங்கை இடது பக்கம் முழுவதுமாக ஒடித்தேன். ஒரு வீடு கட்டக் கொட்டி வைத்திருந்த மணல் மேட்டில் கார் மூக்கைக் குத்தி நின்றது. லாரி எங்களைக் கவனிக்காமலே போய்விட்டது.

அக்கா வாயில் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். அந்த மணலில் வழக்கமாகக் குழந்தைகள் விளையாடும். அன்றைக்கு இல்லை. அதை நினைத்து நினைத்து அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. நான் வீட்டுக்கு வருவதற்குள் யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. அவர் பயந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. காலை எடுக்கப் போகிறார்கள் என்று சொன்னபோதுகூட இல்லை.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சந்தில் குட்டி யானை என்கிற சின்ன லோடு வண்டி ஒன்று வந்து நின்றது. பழைய இரும்பு எடுக்கிறவர் இறங்கிச் சங்கிலியை எடுத்துக் காரின் முன்பக்கத்தில் மாட்டப் போனார்.

ஓடிப்போய்ச் சங்கிலியைப் பிடித்தேன். "இன்னா பண்ற?"

"வூட்டுக்காரரு போன் பண்ணாரும்மா. எடுத்துகினு போகச் சொன்னாரு."

திரும்பிப் பார்த்தேன். வாசலில் ஊன்றுகட்டையைக் கக்கத்தில் கொடுத்துக்கொண்டு அவர் நின்றிருந்தார். வாசற்படி வரை அவர் தானாக வந்து பல மாதம் ஆகியிருந்தது.

"நான்தான் சொன்னேன்" என்றார். "நேத்து நீ செத்துருந்தா? அந்த அக்கா செத்துருந்தா? எடுத்துகினு போவட்டும்."

"முடியாது."

"என் வண்டிமே அது."

"உன் வண்டின்னா நீ வந்து பாத்துருக்கணும். ஜன்னல சாத்திகினு குந்திகினுருந்தல்ல?"

சந்து முழுக்கக் கதவுகள் திறந்தன. எனக்கு வெட்கமாக இல்லை. அவருக்கும் இல்லை போலிருக்கிறது, குரல் உடைந்து வந்தது: "எத்த வந்து பாக்கச் சொல்ற? கிளட்ச்ச மிதிக்கற காலு இல்லமே எனக்கு! அத்தப் பாக்கறப்பெல்லாம் அதுதான் தெரியுது. நீ அத்த ஸ்டார்ட் பண்ண அன்னைக்கு நான் உள்ள இன்னா ஆனேன்னு உனக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அந்தச் சாத்திய ஜன்னலை அவருடைய பிடிவாதம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் சங்கிலியை விடவில்லை.

"கிளட்ச்ச நான் மிதிக்கறேன்யா. நீ பக்கத்துல குந்து. ரோட்டுல போறவன் நிறுத்துவானான்னு உன்னை வெயில்ல வெச்சிகினு இனிமே நான் கை காட்ட மாட்டேன். அவ்ளோதான். பிரேக்கு போனா பிரேக்க சரி பண்ணுவேன். இத்த எடுத்துகினு போகணும்னா என்னையும் சேத்துக் கட்டி இழுத்துகினு போ."

இரும்புக்காரர் பாவம், சங்கிலியைச் சுருட்டிக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் பேசி முடிச்சிட்டு சொல்லுங்க நைனா" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார். நாங்கள் பேசி முடிக்கவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன். அவர் உள்ளே போனார்.

பிரேக் வேலையை அப்படியே விட்டுவிடவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றினேன். உள்ளே இருந்த ரப்பர் எல்லாம் வெயிலில் கிடந்த தோசைத் துண்டு மாதிரி விறைத்துப்போயிருந்தது. எல்லாம் புதிதாகப் போட்டேன். ஹேண்ட் பிரேக் கேபிளும் புதிது. கடைசியாகப் பைப்புக்குள் இருக்கும் காற்றை எடுக்க வேண்டும். அதற்கு ஒருவர் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்துத் திருகைத் திறந்து மூட வேண்டும். ஒற்றை ஆளாக முடியாது. அக்கா அன்றைக்கு ஒரு நிக்காஹ் வீட்டுக்குப் போயிருந்தார். பெடலை ஒரு கட்டையால் முட்டுக் கொடுத்து, ஓடிப்போய்த் திருகைத் திறந்து, ஓடிவந்து, மறுபடி கட்டை நழுவி... வேர்த்து ஊற்றியது. அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

சக்கரத்துக்குப் பக்கத்தில் படுத்திருந்த எனக்கு, கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஊன்றுகட்டையைக் காரின் மேல் சாய்த்து வைக்கிற சத்தம். கார் ஒரு பக்கமாகக் கொஞ்சம் தாழ்ந்தது.

"இன்னாமே ரோசிச்சிகினுகீற? பிரேக்குக்கு வலது காலுதானே. அது கீதில்ல?"

நான் எழுந்து பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேருக்கும் அசிங்கமாகப் போய்விடும் என்று பட்டது. "அழுத்து" என்றேன். அழுத்தினார். திறந்தேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மூடினேன். "விடு." "அழுத்து." "விடு." நாலு சக்கரமும் முடிகிறவரை இதைத் தவிர வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. எங்கள் கல்யாண வாழ்க்கையில் நாங்கள் பேசிக்கொண்டதிலேயே நல்ல பேச்சு அதுதான் என்று சில நேரம் எனக்குத் தோன்றும். முடிந்ததும், "கல்லு மாதிரி கீது இப்ப" என்றார். பெடலைச் சொன்னார்.

சந்துக்குள்ளேயே நிறுத்தி நிறுத்திப் பார்த்த பிறகு, வண்டியின் பேப்பர்களைப் புதுப்பிக்க ஆர்.டி.ஓ. ஆபீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் ஓட்டிக் காட்டினேன். அவர் பிரேக்கை இரண்டு தரம் பார்த்தார். நான் மூன்றாவது தரமும் பார்க்கச் சொன்னேன்.

ஆஸ்பத்திரியில் மறுபடி ஒரு நாள் வாங்கி, அவரை இடது பக்கம் உட்கார வைத்துக்கொண்டு கிளம்பினேன். நாற்காலி மடங்கிப் பின்சீட்டில் கிடந்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. காசிமேடு வழியாகப் போகலாம் என்றார். தவறான யோசனை. மீன் வண்டிகளும் கன்டெய்னர் லாரிகளும் பின்னிக்கொண்டு அடி அடியாக நகர்ந்தன. உச்சி வெயில். மீன்பிடித் துறைமுகத்தின் பக்கம் வரும்போது எஞ்சின் திக்கியது. இழுத்தது. நடு ரோட்டில் நின்றுவிட்டது.

பின்னாலிருந்த லாரிக்காரர் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. அதற்குப் பின்னால் இன்னும் பத்துப் பதினைந்து ஹாரன்கள். லாரிக்காரர் தலையை வெளியே நீட்டி, "பொம்பள வண்டிய எடுத்தாலே இந்தப் பேஜாருதான்! ஓரங்கட்டு!" என்று கத்தினார்.

இறங்கிப் பானெட்டைத் திறந்தேன். ஒவ்வொரு உறுப்பும் எனக்குத் தெரிந்த முகம். பெட்ரோல் பம்பைத் தொட்டேன். சுட்டது. சூட்டில் பெட்ரோல் ஆவியாகிவிட்டது, பம்ப் வெறும் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கிறது. ஈரத்துணி போட்டுக் குளிரவைத்தால் போதும். பாட்டிலை எடுத்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வழியெல்லாம் குடித்துத் தீர்த்திருந்தோம்.

ரோட்டோரத்தில் மீன் கூடைக்குப் பக்கத்தில் குந்தியிருந்த ஒரு பெண்மணி இதையெல்லாம் வெற்றிலை மென்றுகொண்டே பார்த்துக்கொண்டிருந்தார். "இன்னாமே, சூடாய்ட்ச்சா?" என்றார். ஆமாம் என்று பம்பைக் காட்டினேன். எழுந்தார். கூடைக்குள் கையை விட்டு, வஞ்சிரத்துக்கு மேலே கிடந்த ஐஸை இரண்டு கை நிறைய அள்ளிக்கொண்டு வந்து நின்றார். "எங்க வெக்கணும், காட்டு."

என் துப்பட்டாவில் கட்டி, பம்பின் மேல் வைத்துப் பிடித்தேன். ஆவி பறந்தது. ஹாரன் நிற்கவில்லை.

அப்போது இடது பக்கக் கதவு திறந்தது. என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிமிர்ந்து நின்றார். மடித்துக் குத்திய பேன்ட் காலை ஊர் முழுக்கப் பார்க்கிற நடு ரோடு. வீட்டு வாசலுக்கு வரவே கூசிய மனிதர். லாரியைப் பார்த்துக் கத்தினார்:

"யோவ், இன்னாயா ஹாரன் அடிச்சிகினேகீற? அடிச்சா இது பறக்குமா? அவ என் பொண்டாட்டி! செத்துப்போன எஞ்சின மொத்தமா கழட்டி மாட்டுனவ! உன் லாரி நின்னா நீ எறங்கிப் பாப்பியா? ஓனருக்குப் போன் பண்ணிட்டு டீ குடிக்கப் போவ! கம்னு குந்து!"

மீன்கார அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "அப்டிக் கேளு நைனா!" என்றார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். லாரிக்காரர் கொஞ்ச நேரம் முறைத்தார். பிறகு அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஹாரனிலிருந்து கையை எடுத்துக் கும்பிடுகிற மாதிரி தூக்கிக் காட்டினார்.

சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. பானெட்டை மூடும்போது அந்த அம்மா இன்னொரு கை ஐஸை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கணவர் மடியில் வைத்தார். "வழியில வேணும்னா போட்டுக்கோ" என்றார். ஆஸ்பத்திரி வரை கார் முழுக்க மீன் வாடை. அளவெடுத்தவர் முகத்தைச் சுளித்தார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவருக்குச் செயற்கைக் கால் இருக்கிறது. கைத்தடியோடு கடை வரை போய்வருகிறார். சில நாள் வலி தாங்காமல் காலைக் கழற்றி மூலையில் எறிந்துவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வதும் உண்டு. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காரும் அப்படித்தான். மழையில் மக்கர் செய்கிறது, ஏதாவது ஒரு மூலையில் எண்ணெய் ஒழுகுகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அதற்குக் கீழே படுத்திருக்கிறேன். அவர் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, நான் கேட்காமலே யோசனை சொல்லி என்னிடம் திட்டு வாங்குகிறார். இன்னும் எத்தனை நாளைக்கு இதை வைத்திருப்பாய் என்று பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கிறார்கள். எனக்கும் தெரியாது. ஆனால் அன்றிலிருந்து, வண்டியோ மனுஷனோ, இது முடிந்துபோயிற்று என்று யார் வந்து சொன்னாலும், நான் என் கையை வைத்துப் பார்க்காமல் அதை ஒப்புக்கொள்வதே இல்லை.